மூளையில நடந்தா அது பொய்யா?

அந்தக் கல்யாண மண்டப வீடியோவை இனி எனக்கு அனுப்பாதீங்க, பார்த்தாச்சு. இலவசக் காது முகாம், "ராத்திரியானா காது இரையுது சார்"னு தவில்காரர் சொன்னது, "அதெல்லாம் மூளை பண்ற வேலை, கண்டுக்காம தூங்குங்க"ன்னு டாக்டர்கிட்டேர்ந்து வந்த பதில், பின்னாடி கிளம்பின சிரிப்பு, எல்லாம் பார்த்தாச்சு. சிரிப்பு எமோஜி போட்டதுல என் சொந்தக்காரங்களும் இருக்காங்க. நல்லா இருங்க.

டாக்டர் சொன்னது தப்பில்லை. மூளை பண்ற வேலைதான். ஆனா மூளைன்ன உடனே பிரமைன்னு எடுத்துக்கிட்டுச் சிரிச்சீங்க பாருங்க, அங்கதான் எனக்கு எரியுது. பக்கவாதமும் மூளையிலதான் வருது. அதுக்குச் சிரிப்பீங்களா?

உள்காதுல சத்தத்தை நரம்புக்குக் கடத்துற மயிர்ச்செல்கள் இருக்கு. செத்துப்போனா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. காதுலேர்ந்து வரவேண்டியது குறைஞ்சுபோனா மூளை சும்மா இருக்கறதில்லை. மேட்டூர்ல திறப்பு குறைஞ்சா கடைமடையில ஷட்டரையெல்லாம் தூக்கி வெச்சுட்டு, சொட்டுத் தண்ணியாவது வருமான்னு பாக்கறோம்ல, மூளையும் அதேதான் பண்ணுது. காபா, கிளைசின்னு நரம்பை அடக்கி வைக்கிற ரசாயனங்களோட பிடி தளருது, குளூட்டமேட்டோட தூண்டுதல் ஓங்குது, வெளியில சத்தமே இல்லாதப்பவும் நரம்பு தானா துடிக்குது. ஆராய்ச்சி பண்றவங்கள்ல பெரும்பாலானவங்க இன்னிக்குச் சொல்ற விளக்கம் இதுதான். காது நரம்பையே அறுத்தும் இரைச்சல் நிக்காதவங்க உண்டு. மரத்துப்போக வைக்கிற லிடோகெய்ன் மருந்தை ரத்தத்துல ஏத்தினா சிலருக்குக் கொஞ்ச நேரம் அடங்குது, அப்புறம் திரும்பி வந்துடுது. இதை வெறும் பிரமைன்னு தள்ளிட முடியுமா?

எனக்கும் இந்த இரைச்சல் இருக்கு. வலங்கைமான் பட்டாசு, அப்புறம் வருஷக்கணக்கா ரைஸ் மில்லுல கணக்கு வேலை, கேக்கவா வேணும்? காது எவ்வளவு கேக்குதுன்னு பாக்கற ஆடியோகிராம் எடுக்கப் போனப்போ கண்ணாடி ரூம்ல உக்காரவெச்சு ஹெட்போனை மாட்டி, பீப் கேட்டா பட்டனை அமுக்கச் சொன்னாங்க. கீச்சுச் சத்தம் வர்ற கட்டத்துல, கேக்கறது மெஷினோட பீப்பா என்னோடதான்னு பிரிக்க முடியலை. அமுக்கிக்கிட்டே இருக்கேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பொண்ணு கதவைத் திறந்து, "மேடம், நான் இன்னும் சவுண்டே கொடுக்கலை"ன்னா. அந்தப் பொண்ணு சிரிக்கலை. அதுக்கே அவளுக்குக் கோயில் கட்டலாம்.

கரண்ட் போய் ஃபேன் நின்னதும் "அப்பா, என்ன அமைதி"ன்னு வீட்டுல எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு அப்பதான் கச்சேரி ஆரம்பிக்கும்.

"ரசாயனம்தானே, ஒரு மாத்திரையைப் போட வேண்டியதுதானே?" நியாயமான கேள்வி. அப்படி ஒரு மாத்திரை இல்லை. மனச்சோர்வு, வலிப்பு, பதற்றத்துக்கான மாத்திரைகளை இரைச்சலுக்குன்னு வழக்கமா எழுதிக் கொடுக்காதீங்கன்னு அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களோட 2014 வழிகாட்டுதல் சொல்லுது. துத்தநாகம், தூக்கத்துக்கான மெலடோனின், ஜின்கோங்கிற மூலிகையும் வேண்டாம்னுதான் சொல்லுது. மனச்சோர்வு இருந்தா அதுக்கு வைத்தியம் பண்ணுங்க, அது வேற.

வாழைப்பழம் சாப்பிடுங்கறாங்க, அதுல செரோட்டோனின்னு மூளையில வேலை செய்யற ரசாயனம் இருக்காம். இருக்கட்டும். அது ரத்தத்துலேர்ந்து மூளைக்குள்ள போகாது. காதுல பூண்டெண்ணெய் ஊத்தச் சொல்ற கோஷ்டிக்கு என்ன சொல்ல? எங்க பெரியம்மா காய்ச்சி ஊத்தின சூட்டுல காது வெந்ததுதான் மிச்சம்.

"மனசுக்கான பயிற்சியால குறையுதுன்னா மனசுலதானே கோளாறு?"ன்னு ஒரு அண்ணன் கேட்டார். அண்ணே, பயம் வந்தா நாரட்ரினலின்னு ஒரு ரசாயனம் ஏறும், உடம்பு உஷாராகும், காது அந்தச் சத்தத்தையே தேடிப் பிடிக்கும். நீங்க சொல்ற பயிற்சி, அதாவது அறிதிறன் நடத்தைச் சிகிச்சை, அந்தப் பயத்தைத்தான் குறைக்குது. சத்தம் அப்படியே இருந்தாலும் ஆளை மிரட்டுறது குறையும். காது கேக்கற திறன் குறைஞ்சவங்களுக்குக் காது மெஷின் உதவும், ராத்திரியில ஃபேன் சத்தம்கூட உதவும். இதை அந்த மேடையில ரெண்டு நிமிஷம் சொல்லியிருக்கலாம். கூட்டம் ஜாஸ்தியாம். சிரிக்க மட்டும் நேரம் இருந்துச்சு.

சிரிச்சவங்க எத்தனை பேர் வீட்டு முகூர்த்தத்துக்கு அந்தத் தவில்காரர் வாசிச்சிருப்பார்? "கெட்டி மேளம், கெட்டி மேளம்"னு விரலை ஆட்டுவீங்க. பக்கத்துல நாதஸ்வரம், முதுகுக்குப் பின்னாடி ஸ்பீக்கர் பெட்டி, அடியை இன்னும் ஏத்தச் சொல்லி ஒரு மாமா. வாசிக்கறவங்களுக்குன்னே காது அடைப்பான் இருக்கு, யாராவது ஒரு ஜோடி வாங்கித் தந்தோமா? பந்தியில கடைசியா உக்கார வெப்போம். இப்ப காதும் போயாச்சு, அதுக்கும் சிரிப்பு.

அந்த வீடியோவை எடுத்தவர் நம்ம நட்பு வட்டத்துலதான் இருக்கார். தம்பி, அதை டெலீட் பண்ணு. கீழ பூண்டெண்ணெய் பத்தி எழுத வர்றவங்க அப்படியே திரும்பிடுங்க.