அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை

சனிக்கிழமை பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் என்ன நடந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் அந்தப் பிள்ளை யார், எந்தப் பள்ளி என்று கமெண்டில் கேட்க வேண்டாம். கேட்டால் அழித்துவிடுவேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை. அவளுடைய வாட்ஸ்அப் முகப்புப் படத்தை எடுத்து ஆபாசமாக மாற்றி, கூடப் படிக்கும் பையன்களே சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். அவளே போய் வகுப்பு ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். 13 வயதில் அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! கூட்டத்தில் அவள் அம்மாவுக்குக் கிடைத்தது, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க போனு?" ஒரு மணி நேரம் அதுவேதான் ஓடியது. கடைசியில் ஒரு உறுதிமொழித் தாள். மகள் கைப்பேசியைத் தொட மாட்டாள் என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். பெண் பிள்ளைகளின் பெற்றோர் மட்டும்.

ஒரு பிள்ளை நம்பி வந்து சொன்னது. நாம் அதையே தண்டித்துவிட்டோம். இனி அடுத்த பிள்ளை சொல்லாது. இதைத்தான் அங்கே சொல்ல எழுந்தேன். பேச விடவில்லை.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் வீட்டில் நானே இந்தத் தப்பைச் செய்தவள். போன வருடம் என் மகனுக்கு 11 வயது. போன் விளையாட்டில் அறிமுகமான ஒருவன், போனுக்கு வரும் ஓடிபியைச் சொன்னால் டைமண்ட் (அந்த விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு) இலவசம் என்றிருக்கிறான். இவனும் சொல்லிவிட்டான். 4,800 ரூபாய் போனது. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியையும் பயத்தில் அழித்துவிட்டான். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்திருந்தான். வயிற்று வலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தேன். மளிகைக் கடையில் பணம் போகாதபோதுதான் விஷயம் தெரிந்தது. சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடித்தேன். முதல் கேள்வியே "எப்பம்மா போச்சு?" உடனே சொன்னால்தான் பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க முடியும். எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

ஏன்டா சொல்லலை என்று கேட்டேன். "இன்னொரு தப்பு நடந்தா போனே கிடையாதுன்னு நீதானேம்மா சொன்னே" என்றான். அன்றைக்கு நான் அழுதது பணத்துக்காக இல்லை.

போனே கொடுக்காமல் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை என்பவர்களுக்கு: 2020 ஊரடங்கில் அதைப் பிள்ளைகள் கையில் திணித்தது நாம்தான். இன்றும் வீட்டுப்பாடம் வகுப்புக் குழுவில்தான் வருகிறது. ஆஸ்திரேலியாவைப் பார் என்று ஒரு அண்ணன் சொன்னார். சரி, பார்ப்போம். அங்கே 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது. ஆனால் மீறினால் அபராதம் நிறுவனங்களுக்கு, 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. பிள்ளைக்கும் தண்டனை இல்லை, பெற்றோருக்கும் இல்லை. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இல்லை.

அப்போது கண்டிக்கவே கூடாதா? கண்டியுங்கள். எங்கள் வீட்டில் இரவு 9 மணிக்கு எல்லாருடைய போனும் கூடத்தில் சார்ஜில் இருக்கும், என்னுடையதும்தான். ஓடிபி, பின் நம்பர் யார் கேட்டாலும் கிடையாது. முன்பின் தெரியாதவர் படம் கேட்டால் என்னிடம் வர வேண்டும். படத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டாலும் வர வேண்டும், அதற்காகப் போனைப் பிடுங்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். இந்தக் கடைசிப் பகுதி இல்லாமல் முன்னால் சொன்ன எதுவும் நிற்காது.

கூட்டத்தில் இதில் ஒரு வார்த்தை வரவில்லை. மாறாக, எல்லாரும் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்று குழுவில் அறிவித்தார்கள். அனுப்பிய எண், நேரம், குழுவின் பெயர் எதையும் யாரும் குறித்து வைக்கவில்லை. குழந்தையின் ஆபாசப் படத்தை உருவாக்குவதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குற்றம், முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவச சேவை இருக்கிறது. படம் நம் போனை விட்டு வெளியே போகாது, அதன் அடையாளக் குறியீடு மட்டும் போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அந்தப் படத்தைத் தேடி நீக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றுவதை அதனால் பிடிக்க முடியாதுதான். இருந்தாலும் அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லையே.

"பசங்க ஏதோ விளையாட்டா பண்ணிட்டாங்க" என்றவர்களுக்கு என்னிடம் பொறுமையான பதில் இல்லை. விளையாட்டாகச் செய்தவர்கள் திங்கட்கிழமை பள்ளிக்கு வந்துவிட்டார்கள். அவள் வரவில்லை. அவள் இடத்தில் பை வைத்திருந்தார்கள் என்று என் மகள் சொன்னாள். சொல்லிவிட்டு, "எனக்கு இப்படி ஆச்சுன்னா நீயும் அந்தத் தாள்ல கையெழுத்துப் போடுவியாம்மா?" என்று கேட்டாள்.

தாள் இன்னும் என் கைப்பையில் மடித்தபடி இருக்கிறது. நாளை வெறுமையாகவே திருப்பிக் கொடுக்கப் போகிறேன். பையன்களின் பெற்றோருக்கும் ஒரு தாள் அச்சடித்து வரட்டும், அப்புறம் பேசலாம்.