சரணடைவுப் போட்டோவில் இல்லாதவர்

ஓஎம்ஆர் கம்பெனிகளில் 'தலைமைப் பண்பு' பயிற்சி நடத்துகிறவர்களுக்குப் படைத்தளபதிகள் மேல் அப்படி என்ன மோகமோ. அலெக்சாண்டர், நெப்போலியன், நம்ம ஊர் மரியாதைக்கு ஒரு ராஜராஜன். சட்டென்று முடிவெடு, துணிந்து இறங்கு, முன்னால் நில். மூன்று ஸ்லைடு முடிந்ததும் டீ, சமோசா.

இந்த மூன்றும் குறைவில்லாமல் இருந்த ஒருவருக்கு மவுண்ட் ரோட்டிலேயே சிலை இருந்தது. கர்னல் நீல், மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படைக்காரர். 1857-ல் வடக்கே கிளர்ச்சி வெடித்ததும் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே தன் சிப்பாய்கள் ஏறி முடிக்கும்வரை ரயில் காத்திருக்காது என்ற ரயில்வே ஊழியர்களைக் காவலில் வைத்துவிட்டு ரயிலை நிறுத்தினார். அதே வருடம் லக்னோ சண்டையில் படையோடு நின்றபோதே குண்டு பட்டுச் செத்தார். பயிற்சியாளர்களுக்கு அல்வா மாதிரியான கதை.

மிச்சத்தையும் சொல்லணும். காசி, அலகாபாத் பக்கம் விசாரணை என்று பேருக்குக்கூட இல்லாமல் ஆட்களைத் தூக்கில் போட்டது இவருடைய ஆட்சியில்தான். கான்பூரில் பிடிபட்டவர்களைத் தரையில் இருந்த ரத்தத்தைச் சுத்தம் செய்ய வைத்து, நாக்கால் நக்கவும் வைத்து, பிறகு தூக்கிலிட்டார். 1927-ல் அந்தச் சிலையை எடுக்கச் சொல்லிச் சத்தியாகிரகம் நடந்தது. 1937-ல் ராஜாஜி ஆட்சியில் எடுத்தார்கள். இப்போது எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறார்.

அதே மெட்ராஸ் படைக்கு 1780-ல் பயிற்சி வீரராக வந்த மன்றோ இன்னும் தீவுத்திடல் அருகே குதிரை மேல்தான். ஹைதர், திப்பு போர்களைப் பார்த்தவர். பிறகு பாராமகாலில் (இன்றைய சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்) வரி நிர்வாகம், கடைசியில் மெட்ராஸ் கவர்னர். இந்தியர்களுக்குப் பெரிய பதவிகளைத் திறந்துவிட வேண்டும் என்று 1824-லேயே எழுதியவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரி வசூலித்த ஆள்தான், கும்பிட வேண்டியதில்லை. ஆனாலும் வித்தியாசம் தெரிகிறது இல்லையா?

தைரியம் நீலிடமும் இருந்தது. அதனால் ஒரு தளபதியைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் பார்ப்பது வேறு: கேட்க ஆளில்லாத அதிகாரம் கையில் இருந்தபோது என்ன செய்யாமல் இருந்தார்? தனக்கு மேலே இருப்பவரிடம் எதற்கு முடியாது என்றார்?

1971 பாகிஸ்தான் போரின்போது நம் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த மானெக்‌ஷாவை எனக்குப் பிடிப்பது இதனால்தான், மீசைக்காக இல்லை (மீசையும் பிடிக்கும்). பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் ஒருமுறை அவரிடம், தலைமைத் தளபதி திமய்யாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாராம். என் மேலதிகாரியைப் பற்றி நான் கருத்துச் சொல்வது முறையில்லை, நாளைக்கு என்னைப் பற்றி எனக்குக் கீழே இருப்பவர்களிடமும் இப்படித்தான் கேட்பீர்கள் என்று மறுத்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு நம்ம நீலகிரி வெலிங்டனில் ராணுவக் கல்லூரித் தலைவராக இருந்தபோது அவர் மேல் விசாரணை வந்தது. குற்றமில்லை என்று முடிந்தது. பாஸுக்குப் பிடிக்காத ஆளைப் பற்றி ரெண்டு வார்த்தை போட்டுக் கொடுத்தால் அப்ரைசல் நன்றாக வரும் என்று தெரிந்த நமக்கு, இது சின்ன விஷயமில்லை.

1971 ஏப்ரலில் கிழக்கு பாகிஸ்தானுக்குள் படையை அனுப்பலாமா என்று இந்திரா கேட்டபோது, இப்போது முடியாது என்றார். மழைக்காலம் வருகிறது, ஆறுகள் கடலாகிவிடும், டாங்கிப் படை தயாராக இல்லை. வேண்டுமானால் ராஜினாமா தருகிறேன் என்றும் சொன்னதாக அவர் பேச்சுகளில் வருகிறது. இந்திராவும் காத்திருந்தார். அந்தப் பெருந்தன்மையை நாம் அதிகம் பேசுவதில்லை. டிசம்பர் 3-ல் தொடங்கிய போர் 16-ல் முடிந்தது. சுமார் 93,000 பேர் கைதிகளாக வந்தார்கள். பழிவாங்கலாம் என்று கை துறுதுறுக்கும் நேரம் அது. அவர்களை ஜெனிவா ஒப்பந்தப்படி வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள்.

டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணடைந்து கையெழுத்துப் போடும் அந்தப் பிரபலமான போட்டோவில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கிழக்குப் பிராந்தியத் தளபதி அரோரா. மானெக்‌ஷா அங்கே போகவே இல்லை. ப்ராஜெக்ட் முடிந்த அன்றைக்கு க்ளையன்ட்டோடு எடுக்கிற போட்டோவில் தன் இடத்தை டீம் லீடுக்கு விட்டுக்கொடுத்த மேனேஜர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? கமென்ட்டில் பேர் போடுங்கள்.