ஏழு வயதுவரை காத்திருக்க வேண்டாம்

"ஏழு வயதுக்கு முன் பிள்ளைகளுக்கு இன வேறுபாடு தெரியாது, அதைப் பற்றிய கதைகளை வாசித்துக் காட்டினால் இல்லாத வேற்றுமையை நாமே மனத்தில் விதைப்போம்" என்று ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். இது உண்மையன்று. பெற்றோர் இதை நம்பிக் காத்திருந்துவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதுகிறேன்.

மூன்று மாதக் குழந்தையே தனக்குப் பழகிய இனத்தவரின் முகங்களை அதிக நேரம் பார்ப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. 1940களில் அமெரிக்காவில் கென்னத், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதியர் மூன்று முதல் ஏழு வயதுவரையிலான கறுப்பினப் பிள்ளைகளிடம் பொம்மைகளைக் காட்டினார்கள். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றார்கள். அந்த வயதிலேயே!

சிங்கப்பூரில் 2020 கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் இந்தியர் 9 விழுக்காடு. தன் நிறத்தைப் பற்றிய கேள்வியோடு நம் பிள்ளை பாலர் பள்ளியிலிருந்தே வீடு திரும்பலாம். நாம் மௌனமானால், இது பேசக்கூடாத விஷயம் என்றுதான் அது புரிந்துகொள்ளும்.

ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்காக நான்கு பிள்ளைகள் பாரம்பரிய உடையில் கைகோத்து நிற்கும் புத்தகம் மட்டும் போதாது. மலாய்ச் சிறுவன் பல் விழுந்து கலங்குகிற, சீனச் சிறுமி பாட்டியிடம் கோபித்துக்கொள்கிற அன்றாடக் கதைகளைத் தேடுங்கள். சிக்கலைத் தீர்ப்பது எப்போதும் ஒரே இனத்துப் பிள்ளைதானா என்று பாருங்கள். கட்டுமான ஊழியரும் வீட்டுப் பணிப்பெண்ணும் பெயருள்ள மனிதர்களாக வரும் கதை நூலகத்தில் கண்ணில் பட்டால், அதை முதலில் இரவல் எடுங்கள்.