அக்காவைத் தையலைப் பார்க்கச் சொன்ன அண்ணருக்கு

ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

டிஜிட்டல் சட்டங்களை எளிமையாக்குகிறோம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2025 நவம்பரில் வைத்த முன்மொழிவைப் பற்றித்தான் பேச்சு. பேசிய அண்ணர் கணினித்துறையில் பல வருடம் இருப்பவர், விஷயம் தெரிந்தவர். அதை நான் மறுக்கவில்லை. என் அக்கா பின்னூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த 30 நாள் அறிவித்தல் விதியும் போய்விடுமா?" அண்ணர் அதை உரக்க வாசித்தார். சிரித்தார். "அக்கா, நீங்கள் தையலைப் பாருங்கோ, சட்டத்தை நாங்கள் பார்க்கிறோம்" என்றார். கூட இருந்த இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அண்ணர், அக்கா கேட்டது சரியான கேள்வி. அந்த ஒன்றரை மணி நேரத்தில் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அதுதான். பதில்: ஆம், போய்விடலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019ஆம் ஆண்டின் 1150ஆம் இலக்க ஒழுங்குவிதி என்று ஒன்று இருக்கிறது. 2020 ஜூலை 12 முதல் நடைமுறையில் உள்ளது. இணையச் சந்தைகளில் பொருள் விற்கும் சிறு வணிகருக்கும் அந்தச் சந்தையை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான விதி அது. கணக்கை முடக்கினால் காரணம் சொல்ல வேண்டும். ஒரேயடியாக மூடுவதென்றால் 30 நாள் முன்னதாகக் காரணத்தோடு அறிவிக்க வேண்டும். நிபந்தனைகளை மாற்றுவதென்றால் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். தேடலில் யார் மேலே, யார் கீழே என்பது எப்படி முடிவாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். சில பிரிவுகளைக் கொஞ்சக் காலம் விட்டுவைத்துவிட்டு, இந்த ஒழுங்குவிதியையே நீக்கலாம் என்கிறது முன்மொழிவு. இன்னும் சட்டமாகவில்லை. ஐரோப்பியப் பாராளுமன்றமும் உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். அதனால்தான் இப்போதே கத்துகிறேன்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். சந்தை யாருடையதோ, அவரே அதில் கடையும் போட்டு, பிணக்கு வந்தால் தீர்ப்பும் சொன்னால் அங்கே நியாயம் கிடைக்காது. அவர் நல்லவரா கெட்டவரா என்பது பேச்சே இல்லை. மூன்று வேலையும் ஒரே கையில் இருக்கக்கூடாது.

அக்காவின் கதையைச் சொல்கிறேன். அவர் சம்மதித்துத்தான் எழுதுகிறேன். எந்தத் தளம் என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. அக்கா ஜெர்மனியின் டோர்ட்முண்டில் வீட்டில் இருந்தே பிள்ளைகளுக்குப் பட்டுப்பாவாடை தைத்து விற்கிறார். பக்கத்து ஊரான ஹம்மில் உள்ள காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு முந்தைய ஒரு மாதம்தான் அவருக்கு வருடத்தின் பெரிய வியாபாரம். 2022இல் சரியாக அந்த மாதத்தில் ஒரு இரவு மின்னஞ்சல் வந்தது. "உங்கள் கணக்கு எங்கள் விதிகளுக்கு முரணானது, நிரந்தரமாக மூடப்பட்டுள்ளது." எந்த விதி? இல்லை. யாரிடம் பேசலாம்? இல்லை. பதில் எழுதினால் அதே வரிகள் திரும்பி வந்தன. கணக்கில் இருந்த காசையும் எடுக்க முடியவில்லை.

மறுநாள் போனேன். சாப்பாட்டு மேசையில் 23 பாவாடைகள் மடித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் குண்டூசியால் ஒரு துண்டுக் கடதாசி, அதில் பிள்ளையின் பெயர், இடுப்பளவு, ஊர். பாரிஸ், உட்ரெக்ட், ஸ்டுட்கார்ட். வாங்கியவர்களின் முகவரி எல்லாம் மூடிய கணக்குக்குள்ளே. ஊர் தெரியும், வீடு தெரியாது. அக்கா அழவில்லை. ஒவ்வொரு குண்டூசியாகக் கழற்றித் திரும்பவும் குத்திக்கொண்டிருந்தார்.

அந்த மேசையில் இருந்துதான் நான் ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதினேன். 1150ஆம் இலக்க ஒழுங்குவிதி, 4ஆம் பிரிவு, காரணம் எங்கே, 30 நாள் எங்கே? பன்னிரண்டாம் நாள் கணக்கு திரும்பி வந்தது. காரணமும் வந்தது. அக்காவின் மகள் பால்கனியில் பாவாடையோடு நிற்கும் படத்தை யாரோ திருடித் தங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். இயந்திரம் அக்காவின் படத்தைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டது. சொந்தப் பிள்ளையின் படம்! தேர் அதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள், அந்த இலக்கம் என் கையில் இல்லாமல் இருந்திருந்தால்?

"புதிய சட்டங்கள் வந்துவிட்டன, பழையது தேவையில்லை" என்று நேரலையில் சொன்னீர்கள். ஆணையமும் அதைத்தான் சொல்கிறது. டிஜிட்டல் சந்தைகள் சட்டம் நல்ல சட்டம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது வாயிற்காவலர்கள் என்று, அதாவது சந்தைக்கு வாசலாக நிற்கும் மிகப் பெரியவர்கள் என்று, பெயரிடப்பட்ட ஏழு நிறுவனங்களுக்கு மட்டும்தான்: ஆல்ஃபபெட் (கூகுளின் தாய் நிறுவனம்), அமேசான், ஆப்பிள், பைட்டான்ஸ் (டிக்டொக்கின் நிறுவனம்), மெட்டா, மைக்ரோசாஃப்ட், 2024இல் சேர்ந்த புக்கிங். அடுத்த படியில் இருக்கும் நூற்றுக்கணக்கான தளங்களை அது தொடாது. இன்னொரு புதிய சட்டமான டிஜிட்டல் சேவைகள் சட்டம் காரணம் சொல்லச் சொல்கிறது, உண்மை. ஆனால் அந்த 30 நாள் அதில் இல்லை. 15 நாளும் இல்லை. அக்கா கேட்டது அதைத்தானே?

அடுத்தது, வழக்கமான பேச்சு. "ஐரோப்பாவிடம் சொந்தமாகக் கூகுள் இல்லை, அந்தப் பொறாமையில் அபராதம் போடுகிறார்கள்." கூகுள் ஷாப்பிங் வழக்கு யாரால் தொடங்கியது என்று தெரியுமா? ஷிவான் ராஃப், ஆடம் ராஃப் என்ற கணவனும் மனைவியும். பிரிட்டனில் ஃபவுண்டெம் என்ற விலை ஒப்பீட்டுத் தளத்தை 2006இல் தொடங்கினார்கள். தொடங்கிய சூட்டோடு கூகுள் தேடலில் அடியிலே தள்ளப்பட்டார்கள். அதே வேளை கூகுளின் சொந்த விலை ஒப்பீடு மேலே, படங்களோடு. 2009இல் ஆணையத்திடம் முறைப்பாடு. 2017இல் 242 கோடி யூரோ அபராதம். ஐரோப்பிய நீதிமன்றம் அதை இறுதியாக உறுதிசெய்தது 2024 செப்டம்பர் 10. பதினைந்து வருடம்! அதற்குள் ஃபவுண்டெம் மூடப்பட்டுவிட்டது. இதில் பொறாமை எங்கே இருக்கிறது? சந்தைக்காரர் கடையும் போட்டார், தன் கடையை முன்னால் வைத்தார். திரும்பத் திரும்ப அதே கதைதான்.

2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் எதற்கு? செயலி செய்பவர் தன் வாடிக்கையாளரிடம் "வெளியே வாங்கினால் மலிவு" என்று சொல்ல விடாமல் தடுத்ததற்கு. ஒரு கடைக்காரர் தன் வாடிக்கையாளரோடு பேசவே தடை. இதுவும் பொறாமையா? பெர்லினைச் சேர்ந்த இணைய உடைக்கடையான சலாண்டோவையும் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின்கீழ் மிகப் பெரிய தளம் என்று பட்டியலில் போட்டார்கள். அது வழக்குப் போட்டு, 2025 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றத்தில் தோற்றது. சொந்த ஊர் நிறுவனம் என்று விடவில்லையே.

சரி, "விதிகளால்தான் சிறியவர்கள் சாகிறார்கள்" என்றீர்கள். இதில் உண்மை இருக்கிறது. பொதி கட்டும் அட்டைப்பெட்டிக்கு ஜெர்மனியில் ஒரு பதிவு, பிரான்சுக்கு வேறொன்று, ஆஸ்திரியாவுக்கு அனுப்ப வேண்டுமென்றால் 2023 முதல் அங்கே ஒரு பிரதிநிதியே வைக்க வேண்டும். அக்கா ஆஸ்திரியாவுக்கு அனுப்புவதை அதனால்தான் நிறுத்தினார். அதை எளிமையாக்குங்கள், நான் வந்து கைதட்டுகிறேன். அக்காவுக்குச் சுமையாக இருப்பதை விட்டுவிட்டு, அக்காவுக்குத் துணையாக இருந்ததை ஏன் எடுக்கிறீர்கள்?

பொது விதி என்றாலே தொல்லை என்று நினைப்பவர்கள் 2017க்கு முன்னால் எங்கள் வான் வண்டியில் வந்திருக்க வேண்டும். பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகும்போது, ஆகன் தாண்டி பெல்ஜியத்துக்குள் நுழைந்ததும் அப்பா "எல்லாரும் போனை நிப்பாட்டுங்கோ" என்று கத்துவார். ஒரு முறை தம்பி மறந்துவிட்டான். அந்த மாதப் பில்லை அப்பா கனகாலம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தார். 2017 ஜூன் 15இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அந்த ரோமிங் கட்டணம், அதாவது வேறு நாட்டில் போனைப் பாவிப்பதற்கான மேலதிகக் கட்டணம், போனது. நிறுவனங்கள் மனமிரங்கியா விட்டார்கள்? விதி வந்தது, விட்டார்கள். 2021 ஜூலையில் இருந்து ஒன்றியத்தின் மற்ற நாடுகளுக்கு விற்றதற்கான விற்பனை வரியை நம் நாட்டு வரி அலுவலகத்திலேயே ஒரே இடத்தில் கணக்குக் காட்டலாம். அதுவும் விதிதான்.

"பிடிக்காவிட்டால் தளத்தை விட்டு வெளியேறுங்கள்" என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். எங்கே போவது தம்பி? உட்ரெக்டில் இருக்கும் ஒரு தாய் பாவாடை தேடுவது அந்தத் தளத்தில். சந்தை அங்கே கூடுகிறது, அக்கா அங்கேதான் பாய் விரிக்க முடியும். ஊரில் சந்தைக் குத்தகைக்காரரோடு பிணக்கு வந்தால் நேரே போய்ச் சத்தம் போடலாம். அக்காவின் பக்கம் நாலு பேர் பேசுவார்கள். இங்கே போய் நிற்க ஒரு படலையே இல்லை.

உண்மையைச் சொன்னால், சட்டத்தை விட எனக்கு வலித்தது அந்தச் சிரிப்பு. எட்டு வருடம் அக்கா இதைச் செய்கிறார். எந்த நாட்டுக்கு எவ்வளவு தபால் கட்டணம், எத்தனை நாளில் பொருளைத் திருப்பலாம், எந்த மாதம் தரகு கூடியது, எல்லாம் மனப்பாடம். 4ஆம் பிரிவைத் தன் சொந்தக் காசில், சொந்த மூச்சில் படித்தவர் அவர். நீங்கள் படித்திருக்கிறீர்களா? படித்திருந்தால் அந்தக் கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பீர்கள். தையல் தெரிந்தவருக்குச் சட்டம் தெரியாது என்று யார் சொன்னது?

மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அடுத்த நேரலையில் அந்தக் கேள்வியை இன்னொரு முறை வாசியுங்கள், பதில் சொல்லுங்கள்.

இன்று மத்தியானம் அக்கா தொலைபேசியில் அழைத்தார். நேரலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அந்தக் கடிதம் இன்னும் வச்சிருக்கிறியா?" என்று கேட்டார். எசனில் அவருக்குத் தெரிந்த ஒரு பிள்ளை மெழுகுதிரி செய்து விற்கிறாளாம். நேற்று இரவு அவளுக்கும் மின்னஞ்சல் வந்திருக்கிறது. பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறேன்.