அந்த 13 சதவீதம் எங்கிருந்து வந்தது?

"வீட்டிலிருந்து வேலை பார்த்தால் யாராக இருந்தாலும் 13 சதவீதம் அதிக வேலை நடக்கும், ஸ்டான்ஃபோர்டே நிரூபித்துவிட்டது" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். எண் சரி, அதிலிருந்து அவர் வந்த முடிவு தவறு.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் அவர் குழுவினரும் 2010 டிசம்பரில் ஷாங்காயில் தொடங்கி ஒன்பது மாதம் நடத்திய ஆய்வு அது. சீட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டர் ஊழியர்கள், அதுவும் தாங்களாகவே விரும்பி முன்வந்தவர்கள். வாரத்தில் 4 நாள் வீடு, ஒரு நாள் அலுவலகம். அந்த 13இல் சுமார் 9 சதவீதம் கூடுதல் நேரம் வேலை பார்த்ததால் வந்தது: இடைவேளை குறைந்தது, உடம்புக்கு முடியாமல் எடுக்கும் விடுப்பும் குறைந்தது. மீதி சுமார் 4தான் நிமிடத்துக்கு எடுத்த அழைப்புகள் கூடியதால்.

கால் சென்டரில் இரண்டு வருடம் இருந்தவன் நான். அங்கே அழைப்பு எண்ணிக்கை திரையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். டீ குடிக்க எழுந்தால்கூட அது கணக்கில் வரும். ஒரு நாள் முழுக்க ஒரே பிழையைத் தேடும் புரோகிராமரை இப்படி அளக்க முடியுமா?

அப்புறம், வீட்டில் இருந்தவர்களுக்கு அதே அளவு வேலை செய்தும் பதவி உயர்வு வாய்ப்பு குறைந்ததாக அதே ஆய்வு சொல்கிறது. இதை யாரும் பகிர்வதில்லை, எனக்கு வருத்தமே அதுதான்.

2024இல் வந்த அடுத்த ஆய்வையும் பாருங்கள். அதே நிறுவனம், பொறியாளர்கள் உட்பட 1,612 பேர், வாரம் 2 நாள் வீடு. வேலைத்திறன் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக வாதாட இதுவே போதும்.