கணக்கு நமக்குப் புதுசு இல்லை

அண்ணாச்சி, "வெள்ளைக்காரன் வந்துதான் நம்ம குமரிக்காரனுக்குக் கணக்கெழுதவே கற்றுத் தந்தான்" என்று போட்டிருக்கிறீர்கள், அது தப்பு. 1949 வரை நாம் திருவிதாங்கூர் சமஸ்தானம், அப்புறம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் பழைய ஆவணச் சுவடிகளான மதிலகம் ஓலைகளில் பல நூற்றாண்டு வரவுசெலவு எழுத்தாணியால் கீறிக் கிடக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்தது வேறு கணக்கு. 1805 ஒப்பந்தத்தில் தன் படைச்செலவை ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் ரூபாயாக நம் தலையில் எழுதினான், பாக்கி நின்றதும் கழுத்தை நெரித்தான். திருவிதாங்கூரின் திவானாக இருந்த நம்ம தலக்குளத்து வேலுத்தம்பி தளவாய் 1809-ல் குண்டறையில் பொங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம் 1857 கலகத்தை அடக்கிய செலவையும் இந்தியாவின் கடன் என்றே பதிந்தான், அடி வாங்கியவனிடமே பிரம்புக்குக் காசு கேட்ட மாதிரி. லண்டனில் உட்கார்ந்து இந்திய விவகாரம் பார்த்த பிரிட்டிஷ் மந்திரிக்குச் சம்பளம்கூட, 1919 சட்டம் வரும்வரை, இங்கே வசூலித்த வரியில்தான்.