பக்கவாதம்: ஆறு மாதத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை

கடலூர், புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்குள் பேச்சும் நினைவும் திரும்பாவிட்டால் இனி திரும்பாது. அழுகை, கோபம் எல்லாம் வெறும் பிடிவாதம், கண்டுகொள்ளாதீர்கள்." இரண்டுமே தவறு.

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மைதான். பிறகு வேகம் குறையும், நின்றுவிடாது. தொடர்ந்த பேச்சுப் பயிற்சியால் ஆண்டுகள் கழித்தும் சொற்களை மீட்டவர்கள் உண்டு.

இரண்டாவது பொய்தான் குடும்பங்களை அதிகம் காயப்படுத்துகிறது. "சாப்பிட்டீர்களா அப்பா?" என்று சாதாரணமாகக் கேட்டதற்கே ஒருவர் விம்மி அழுதால், உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பாதைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. பயிற்சிக்கு வர மறுப்பதையும், சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவதையும், பேரன் வந்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதையும் திமிர் என்று திட்டாதீர்கள். இவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் கோரிமேடு ஜிப்மரின் நரம்பியல் பிரிவிலோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ கேளுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். வந்த குழுவிலேயே இந்த விளக்கத்தைப் போடுங்கள்.